பூச்செடிக்கு விதைப்பந்தா, நேரடி விதைப்பா, நாற்றா?

கையில் செண்டுமல்லி விதை ஒரு பொட்டலம், வாடாமல்லி ஒரு பொட்டலம் இருக்கிறது. வாசலில் நான்கு தொட்டி, பக்கவாட்டில் ஒரு பாத்தி, மதிலுக்கு வெளியே யாரும் தண்ணீர் ஊற்றாத ஒரு துண்டு நிலம். எந்த இடத்தில் எப்படி விதைப்பது? விதைப்பந்து செய்யப் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகள் பழகிவிடுவதால், இருக்கிற விதையை எல்லாம் மண்ணோடு பிசைந்து உருட்டிவிடலாம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றுகிறது. இரண்டு மழை பெய்த பிறகும் பந்துகள் கல்லாகவே கிடந்தால், விதை சரியில்லையோ, மண் சரியில்லையோ என்ற குழப்பம் வருகிறது.

பெரும்பாலும் போட்ட இடமும் நேரமும்தான் தவறியிருக்கும். எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் இடத்துக்கு விதைப்பந்து வீண் வேலை. ஆளே போகாத இடத்துக்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

காரணம் அந்த முறை பிறந்த இடத்திலேயே இருக்கிறது. மண் உருண்டை விதைப்பை இந்தக் காலத்துக்கு மீட்டுக் கொண்டுவந்தவர் ஜப்பானின் மசனோபு ஃபுகோகா (1913–2008). ஷிகோகு தீவில் உழாத வயலில் நெல்லும் பார்லியும் விளைவித்தவர்; 1988-ல் மகசேசே விருது பெற்றவர். உழாத நிலத்தில் விதை மேலேயே கிடக்கும், பறவையும் எலியும் பொறுக்கிக்கொண்டு போய்விடும். அதைத் தடுக்கத்தான் களிமண் போர்வை. விதைக்கு மேல்பூச்சு கொடுப்பது நமக்கும் புதிதில்லை. பஞ்சு ஒட்டிய பருத்தி விதை ஒன்றோடொன்று சிக்காமல் விழ வேண்டும் என்று சாணக் கரைசலில் புரட்டிக் காயவைத்து விதைத்தவர்கள்தான் நம் ஊர் விவசாயிகள். ஆனால் கொத்திக் கிளறி, உரம் போட்டு, காலையும் மாலையும் பூவாளியில் தண்ணீர் தெளிக்கிற பாத்தியில் விதைக்கு இந்தப் போர்வை தேவைப்படுவதில்லை.

## முதலில் பார்க்க வேண்டியவை

தண்ணீர். முளைக்கும் முதல் பத்து நாளில் ஈரத்தைக் காப்பது யார், நீங்களா மழையா? மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

விதையின் குணம். கோழிக்கொண்டை விதை கீரை விதை போலக் கறுப்பாக, பொடியாக இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம்தான். இப்படிப்பட்ட பொடி விதை மண்ணின் மேற்பரப்பிலேயே இருக்க வேண்டும். பந்தின் நடுவில் மாட்டினால் மேலே வரும் அளவுக்கு அதில் சத்து இருக்காது. டேபிள் ரோஸ் எனப்படும் பத்து மணிப் பூவும் அப்படியே. நித்தியகல்யாணிக்கு நேர்மாறு, அது முளைக்க இருட்டு வேண்டும். சூரியகாந்தி, சங்குப்பூ போன்ற பெரிய விதைகள் ஒரு அங்குல ஆழத்திலிருந்தும் முட்டிக்கொண்டு வரும்.

விதையின் விலை. எண்ணிக் கொடுக்கிற கலப்பின விதைக்கு ஒவ்வொன்றும் காசு. போன வருடத்துச் செடியில் சேர்த்த நாட்டு விதை கைநிறைய இருந்தால் கணக்கே வேறு.

ஒழுங்கு. வரிசையாக, ஒரே உயரத்தில் பூக்க வேண்டுமா, அங்கங்கே தானாக முளைத்ததுபோல் இருந்தால் போதுமா?

எந்த வழியில் போனாலும் விதையை முதலில் சோதித்துவிடுங்கள். இருபது விதையை ஈரத்துணியில் பரப்பி, சுருட்டி, மூடிய டப்பாவில் ஏழு நாள் வையுங்கள். வாடாமல்லிக்கும் நித்தியகல்யாணிக்கும் பதினைந்து நாள். பதினான்குக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. பத்துக்குக் கீழே போனால் இருமடங்கு விதை போட வேண்டும், அல்லது வேறு விதை தேட வேண்டும். ஆயுத பூசை மாலையிலிருந்து உதிர்த்த செண்டுமல்லி விதைக்கு இந்தச் சோதனை கட்டாயம். மாலைக்கான பூவை விதை முற்றுவதற்கு முன்பே பறித்துவிடுவார்கள். அடுக்குப் பூவில் விதை பிடிப்பதும் குறைவு. தடவிப் பார்த்தால் கறுப்பு ஊசி போல் இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது.

மல்லிகை, ரோஜா, சாமந்தி மூன்றும் இந்தப் பேச்சிலேயே வராது. அவற்றைப் பதியன், குச்சி, பக்கக்கன்று மூலம்தான் வளர்க்க வேண்டும்.

## விதைப்பந்து

மண். சலித்த மண்ணில் கொஞ்சம் எடுத்து நனைத்து, பென்சில் தடிமனில் திரித்து, மோதிரம் போல வளைத்துப் பாருங்கள். விரிசல் விடாமல் வளைந்தால் போதுமான களி இருக்கிறது. உடைந்தால் பந்து காய்ந்ததும் உதிரும். கண்மாய்க் கரம்பையும் (குளத்து வண்டல்), பானை செய்பவர்களிடம் கிடைக்கும் மண்ணும் நன்றாக ஒட்டும். சரளை கலந்த செம்மண் மட்டும் ஒட்டாது. கரிசல் மண்ணைத் தனியாகப் பயன்படுத்த வேண்டாம். நனைந்தால் உப்பி, காய்ந்தால் பிளந்துவிடும். பாதிக்குப் பாதி செம்மண் சேர்த்தால் அடங்கும்.

அளவு. 200 மில்லி டம்ளரில் சலித்த களிமண் 3, சலித்த மண்புழு உரம் 1½, தண்ணீர் ஒன்று முதல் ஒன்றரை. இதில் நெல்லிக்காய் அளவில், அதாவது இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவில், 60 முதல் 70 பந்து வரும். செண்டுமல்லியானால் பந்துக்கு நான்கு விதை என்று மொத்தம் ஒரு கிராம் போதும். சூரியகாந்திக்கும் சங்குப்பூவுக்கும் பந்துக்கு இரண்டு. கைப்பிடி கைப்பிடியாக விதையை அள்ளிப் போடுவதுதான் பரவலாக நடக்கும் தவறு. ஒரே உருண்டையில் இருபது நாற்று முட்டிக்கொண்டு வந்து, எல்லாமே நூல்போல் நீண்டு சாய்ந்துவிடும்.

பச்சைச் சாணம் கூடவே கூடாது. அது உள்ளே மட்கும்போது சூடாகும், பூசணம் பிடிக்கும், மாடு தின்ற புல்லின் விதை உங்கள் விதைக்கு முன்பே முளைக்கும். நன்றாக மட்கி, வாசனையே இல்லாத தொழுவுரமானால் மண்புழு உரத்துக்குப் பதிலாகச் சேர்க்கலாம்.

உருட்டுவது. மண்ணையும் உரத்தையும் உலர்ந்த நிலையிலேயே கலந்துகொண்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசையுங்கள். விதையை மாவோடு சேர்த்துப் பிசைந்தால் ஒரு பந்தில் பத்தும் இன்னொன்றில் ஒன்றும் இல்லாமலும் போகும். உருண்டையை உள்ளங்கையில் தட்டி, நடுவில் எண்ணி வைத்து, மூடி உருட்டுவதுதான் சரி. கொழுக்கட்டைக்குப் பூரணம் வைக்கத் தெரிந்த கைக்கு இது சுலபம்.

விதையை ஊறவைக்காதீர்கள். ஊறிய விதை விழித்துக்கொள்ளும்; பிறகு பந்து காயும்போது அதுவும் காய்ந்து செத்துவிடும். ஆவாரை, சங்குப்பூ போன்ற கடினத் தோல் விதைகளை உப்புத்தாளில் இரண்டு மூன்று தேய் தேய்த்து, உலர்ந்தபடியே உள்ளே வைக்கலாம்.

உலர்த்துவது. பாதிப் பந்துகள் இங்கேதான் கெடுகின்றன. வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து விரிசல் விடும், உள்ளே விதை வேகும். நிழலில் விட்டு மறந்துவிட்டால் மூன்றாம் நாளே செண்டுமல்லி உள்ளுக்குள் முளைவிட ஆரம்பித்திருக்கும். சாக்கின் மேல் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மின்விசிறிக் காற்றில், நடுவில் ஒருமுறை புரட்டி, இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். இரண்டு பந்தைத் தட்டினால் ‘டக்’ என்ற ஓசை வர வேண்டும். ஒன்றை உடைத்தால் நடுவும் ஓரமும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், துணிப்பையில் வையுங்கள். அந்தப் பருவத்திலேயே போட்டுவிடுவது நல்லது.

போடும் நாள். ஒரு தூறலில் பந்தின் மேல்தோல் மட்டும் நனையும். மறுநாள் வெயிலில் காயும், அடுத்த தூறலில் மறுபடி நனையும். இப்படி இரண்டு முறை நடந்தால் பாதி விழித்த விதை செத்துப்போகும். பந்து கரைய இரண்டு மூன்று நாள் அடுத்தடுத்து மழை வேண்டும். சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோரத்தில் ஆடி, ஆவணி மழை மாலை இடியோடு வந்து போய்விடும். பாத்திக்கு அது போதும், பந்துக்குப் போதாது. அங்கெல்லாம் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் ஐப்பசி வரை பொறுத்திருங்கள். தென்மேற்குப் பருவமழை நேராகக் கிடைக்கும் குமரி, தென்காசிப் பக்கம் ஆனியிலேயே போடலாம்.

வீசுவது பார்க்க அழகாக இருக்கும், பலன் குறைவு. கட்டாந்தரையில் விழுந்த பந்து உருண்டு பள்ளத்தில் சேரும், தண்ணீர் தேங்கி அழுகும். மண்ணைக் கொத்தால் லேசாகக் கீறி, ஓரடி இடைவெளியில் பாதி புதையும்படி அழுத்திவிடுங்கள். முழுதும் புதைத்தால் ஆழம் கூடிவிடும்.

மறைந்திருக்கும் செலவு. எழுபது பந்து உருட்ட ஒன்றரை மணி நேரம், உலர்த்த இரண்டு நாள். அந்த எழுபதில் எத்தனை தேறும் என்பதை மழைதான் முடிவு செய்யும். அதனால் விலை கொடுத்து வாங்கிய கலப்பின விதையைப் பந்துக்குள் வைக்காதீர்கள். முளைத்த பிறகும் ஒருமுறை போய், பந்துக்கு ஒரு செடியை விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட வேண்டும். பிடுங்கினால் பக்கத்து வேரும் சேர்ந்து வரும்.

காகிதக் கூழ்ப் பந்து பற்றியும் கேட்கிறார்கள். செய்தித்தாளை ஒரு இரவு ஊறவைத்து, மிக்சியில் அரைத்து, பிழிந்து, விதையைக் கடைசியில் கையால் கலந்து செய்வது. களிமண் தேட வேண்டாம், நகரத்து வீட்டில் சுலபம். ஆனால் காகிதத்தில் சத்து இல்லை. இறுக்கிப் பிழிந்தால் அட்டை போலக் கெட்டியாகி வேர் துளைக்க முடியாமல் நிற்கும். விரல் நக அளவுக்கு மெல்லிய வில்லையாகத் தட்டினால் முளைக்கும். விழாவில் அன்பளிப்பாகக் கொடுக்கவும், வாங்கியவர் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றவும் ஏற்றது. வெளி நிலத்துக்கு வேண்டாம்.

## நேரடி விதைப்பு

பாத்தியில் இதுவே எளிது, மலிவு. நாற்றைப் பிடுங்கி நட்டால் முகம் வாடுகிற ஜினியா, காஸ்மாஸ், சூரியகாந்தி, சங்குப்பூ நான்குக்கும் நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். ஆணிவேர் தடைபடாமல் இறங்கினால் செடி காற்றுக்குச் சாயாது.

அரையடி ஆழம் கொத்தி, கட்டியை உடைத்து, சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ மட்கிய உரம் கலந்து, முதல் நாளே நனைத்துவிடுங்கள். விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். செண்டுமல்லிக்கு அரை சென்டிமீட்டர். கோழிக்கொண்டை போன்ற பொடி விதையை ஒரு தேக்கரண்டிக்குப் பத்துத் தேக்கரண்டி உலர்மணல் கலந்து தூவி, கையால் தட்டி அமர்த்தினால் போதும், மூட வேண்டாம். பூவாளியில் மட்டும் தெளியுங்கள். குழாயைத் திறந்துவிட்டால் விதை எல்லாம் ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும்.

தூவுவதைவிடக் கோடு கிழித்து வரிசையில் விதைப்பது எப்போதும் மேல். களையும் பூ நாற்றும் முதல் பதினைந்து நாள் ஒன்றுபோலவே தெரியும். வரிசையில் நிற்பது நம்முடையது, வெளியே நிற்பது களை.

இதன் மறைமுகச் செலவு இழப்புதான். எறும்பு விதையை ராவோடு ராவாகத் தூக்கிக்கொண்டு போகும். பாத்தியைச் சுற்றி ரவையோ அரிசி மாவோ தூவிவைத்தால் இரண்டு மூன்று நாளுக்கு அதில் மயங்கி நிற்கும், அதற்குள் விதை முளைவிட்டுவிடும். கோழி இருக்கும் வீட்டில் பாத்தியின் மேல் பழைய வலையோ முள்கிளையோ பரப்ப வேண்டும். மழைக்காலத்தில் ஆப்பிரிக்க நத்தை வந்த தெருவானால், இரண்டிலை நாற்றெல்லாம் ஒரே இரவில் காலியாகும். டார்ச்சுடன் போய்ப் பொறுக்குவதுதான் நம்பகமான வழி. வெறுங்கையால் தொடாமல் கையுறை அல்லது இடுக்கியால் எடுத்து, உப்புக் கரைசலில் போடுங்கள்.

## நாற்று

விதைக்கு அதிக மதிப்பு கிடைப்பது இந்த வழியில்தான். குழிக்கு ஒரு விதை. முளைத்ததெல்லாம் கண்ணுக்கு எதிரே. கலப்பினச் செண்டுமல்லி, கோழிக்கொண்டை, பத்து மணிப் பூ, தொட்டிச் செடிகள் எல்லாவற்றுக்கும் ஏற்றது.

98 குழித் தட்டுக்கு ஈரத் தென்னைநார்க் கழிவு சுமார் 1.2 கிலோ பிடிக்கும். கட்டியாக விற்பதை வாங்கினால் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துகொள்ளுங்கள். அதில் தங்கிய உப்பு நாற்றின் நுனியைக் கருக்கும். மூன்று பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரம் கலந்தால் தனி உரம் வேண்டியதில்லை. தட்டு வாங்க வேண்டாம் என்றால் அடியில் துளையிட்ட காகித டம்ளரும் தேங்காய்ச் சிரட்டையும் போதும்.

இங்கே பெரிய எதிரி நாற்றழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று மண்மட்டத்தில் கறுத்துச் சாயும். தண்ணீர் தேக்கமும் காற்றோட்டக் குறைவும் பூஞ்சைக்கு வழிவிடுகின்றன. நோய் வந்த பிறகு மருந்தடித்து மீட்க முடியாது. கலவையில் ட்ரைகோடெர்மா விரிடி என்ற, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையைக் கலந்துவிடுவதும், மாலையில் அல்லாமல் காலையில் தண்ணீர் தெளிப்பதும், நெருக்கமாக விதைக்காமல் இருப்பதும்தான் காப்பு.

செண்டுமல்லி நாற்று 25 முதல் 30 நாளில், நான்கைந்து இலையோடு நடவுக்கு வரும். கடைசி ஐந்து நாள் நிழலைக் குறைத்துக்கொண்டே வந்து வெயிலுக்குப் பழக்குங்கள். மாலையில் நட்டு, ஒன்றரை அடி இடைவெளி கொடுங்கள். நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடித்துப் பூ பெருகும், ஆனால் முதல் பூ சில நாள் தள்ளிப்போகும்.

மறைமுகச் செலவு உங்கள் இருப்பு. அந்த முப்பது நாளில் நான்கு நாள் ஊருக்குப் போய், தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. குழியில் இருப்பது ஒரு பிடி கலவை. ஒரு வெயிலில் காய்ந்துவிடும்.

## எந்தப் பூவுக்கு எது

| பூ | விதைப்பந்து | நேரடி விதைப்பு | நாற்று |
|---|---|---|---|
| செண்டுமல்லி (நாட்டு விதை) | ஆகும் | நன்று | நன்று |
| செண்டுமல்லி (கலப்பினம்) | வேண்டாம் | விதை வீணாகும் | இதுவே சரி |
| வாடாமல்லி | ஆகும், மெதுவாக முளைக்கும் | நன்று | நன்று |
| கோழிக்கொண்டை | வேண்டாம் | மணல் கலந்து | நன்று |
| பத்து மணிப் பூ | வேண்டாம் | கடினம் | நன்று |
| ஜினியா, காஸ்மாஸ் | வீட்டு வளாகத்துக்குள் மட்டும் | இதுவே சரி | இளநாற்றாக மட்டும் |
| சூரியகாந்தி | ஆகும் | இதுவே சரி | வேண்டாம் |
| சங்குப்பூ | மிக நன்று | ஊறவைத்து | தேவையில்லை |
| நித்தியகல்யாணி | மிக நன்று | மூடி விதைக்க வேண்டும் | நன்று |
| ஆவாரை | மிக நன்று | தோலைத் தேய்த்து | பையில் |

## இடத்தை வைத்துப் பார்த்தால்

மாடித் தொட்டிக்கு நாற்றுதான். பந்து கரைந்து தொட்டியின் மேல் களிமண் படலமாகப் படிந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. வீட்டுப் பாத்திக்குப் பெரிய விதையை நேராகவும் பொடி விதையை நாற்றாகவும் வைப்பது எங்கள் வழக்கம்.

மதிலுக்கு வெளியே, வேலியோரம், சரிவு, கட்டட வேலை முடிந்து சும்மா கிடக்கும் மனை மூலை, இவையெல்லாம் விதைப்பந்துக்கான இடங்கள். அங்கே ஆடு மேயும் என்பதையும் கணக்கில் எடுங்கள். செண்டுமல்லி வாசனைக்கு ஓரளவு தப்பும், சூரியகாந்தி தப்பாது. நித்தியகல்யாணியை ஆடு தொடாது, வறட்சியையும் தாங்கும், முளைக்க வேண்டிய இருட்டும் பந்துக்குள் கிடைக்கிறது. வெளியிடத்துக்கு ஒரே ஒரு பூ என்றால் நாங்கள் கைகாட்டுவது அதைத்தான். வண்ணத்துப்பூச்சி வர வேண்டும் என்றால் ஆவாரையை இடையிடையே போடுங்கள். அது பூக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம், ஆனால் வேர் பிடித்துவிட்டால் கோடையிலும் நிற்கும்.

காட்டுக்குள்ளும் மலைச்சரிவிலும் பூச்செடிப் பந்துகளை வீசாதீர்கள். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தில்லை. அழகுக்காகக் கொண்டுவந்த உன்னிச்செடி இன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் யானையும் மானும் மேயும் புல்லை மூடி நிற்கிறது. முதுமலையில் மஞ்சள் கொன்றையை வேரோடு அகற்ற வேண்டி வந்திருக்கிறது. அயல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கை வகுத்தது. காஸ்மாஸ் மெக்சிகோவிலிருந்து வந்தது, தானாக விதை உதிர்த்துப் பரவும். வீட்டு வளாகத்தில் அது சுகம், காட்டோரத்தில் தொல்லை.

பொங்கலுக்குப் பூ வேண்டும் என்றால் நாட்கணக்கு இது. செண்டுமல்லி நட்டு ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் பூக்கும். ஆகவே அக்டோபர் முதல் வாரத்தில் தட்டில் விதைத்து, நவம்பர் முதல் வாரத்தில் நட்டுவிட வேண்டும். நேரடி விதைப்பானால் அக்டோபர் பாதிக்குள். விதைப்பந்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கரைவதும் முளைப்பதும் மழை வருகிற நாளைப் பொறுத்தது. தை பிறந்த பிறகுகூட மொட்டு வைக்கலாம்.